மென்பொருட் கூடத்தில் ஒரு தமிழ் மாணவன்

எத்தொழிலும் அது நிகழும் இடத்திற்குச் சென்று, செய்வார் அருகிருந்து பயின்றாலன்றிக் கைவருவதில்லை. கொல்லன் உலைக்களத்தும் தச்சன் பட்டறையிலும் இளைஞர் அமர்ந்து பயின்ற முறையே, இன்று மாணவர் விடுமுறை நாட்களில் ஒரு நிறுவனத்திற் சில வாரங்கள் பணி பயிலும் வழக்கமாக வளர்ந்திருக்கின்றது. இதனை ‘இன்டர்ன்ஷிப்’ என்று யாவரும் வழங்குகின்றனர். கணினித் துறை மாணவர்க்கு இஃது இயல்பே. தமிழ் ஆனர்ஸ் பயிலும் யான், சென்ற கோடையில், மென்பொருள் இயற்றும் ஒரு சிறு நிறுவனத்தில் எட்டு வாரங்கள் இருக்கப் போகின்றேன் என்றபோது நண்பர் பலர் நகைத்தனர். “நன்னூலைக் கொண்டா நிரல் எழுதப் போகிறாய்?” என்று வினவினாரும் உளர். அவ்வினாவிற்கு விடையாகவும், இவ்வழியே செல்ல விழையும் பின்னவர்க்குத் துணையாகவும் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

கல்லூரியில் விருப்பப் பாடமாகப் பைத்தான் என்னும் நிரல்மொழியைச் சிறிது கற்றிருந்தேன். அந்நிறுவனத்தார் அப்போது ஒரு நூல்நிலையத்திற்கு நூற்பட்டியல் அமைத்துக்கொண்டிருந்தனர். நூற்பெயரையேனும் ஆசிரியர் பெயரையேனும் தமிழில் தட்டச்சிட்டால், அந்நூல் எவ்வலமாரியில் உள்ளதென்று அது காட்டுதல் வேண்டும். தமிழ் அறிந்த பயிற்சியாளன் ஒருவன் தேவை என்று அவர்கள் கூறியதனாலேயே எனக்கு இடம் கிடைத்தது.

மென்பொருள் இயற்றுவோர் நாள் முழுதும் விரைந்து தட்டச்சிடுவர் என்று எண்ணியிருந்தேன். நான் கண்டது வேறு. அவர்கள் எழுதுவதினும் படிப்பதே மிகுதி. முதல் வாரம் முழுதும் பிறர் எழுதிய நிரலைப் படிப்பதிலேயே எனக்குக் கழிந்தது. ஒருவர் எழுதிய நிரல் நேரே பயனுக்கு வருவதில்லை. அதனை மற்றொருவர் வரிவரியாகப் படித்து, ஐயங்களைக் குறித்து அனுப்புவர், எழுதியவர் திருத்துவர், பின்னரே அது பொது நிரலோடு சேரும். இன்னார் இன்ன நாளில் இன்ன வரியை மாற்றினார் என்பதைக் ‘கிட்’ என்னும் கருவி பதிந்து வைக்கும். லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் லினக்ஸ் பணிக்காக 2005ஆம் ஆண்டில் ஆக்கிய கருவி அது. ஒரு மாற்றம் தவறெனத் தெரியின், அதன்வழிப் பழைய நிலைக்கு நிரலை உடனே மீட்கலாம்.

இத்துணைக் காவல்கள் இருந்தும், புதியவனுக்கு உரிய நோய் ஒன்று என்னைப் பற்றியது. அது கேட்க நாணும் நோய். வினவினால் அறியாமை வெளிப்படும் என்றஞ்சி, ஒரு சிறு சிக்கலோடு மூன்று நாட்கள் போராடினேன். எங்கள் குழுவின் தலைவியை யாவரும் ‘அக்கா’ என்றே அழைப்பர். அவர் என் திரையைக் கண்டு, ஒரு கோப்பின் பெயர் பிழையாக இருப்பதைச் சுட்டிவிட்டு, “தம்பி, அரைமணி நேரம் முயன்றும் வழி தெரியாவிட்டால் கேட்டுவிட வேண்டும். இங்கே அதுதான் வழக்கம்,” என்றார். அவ்வறிவுரையைத் தலையசைத்துக் கேட்டேன். ஆனால் மனத்திற் கொண்டேனில்லை.

நான்காம் வாரத்தில் எனக்கென ஒரு வேலை வந்தது. ஔவையார் பெயரை இட்டுத் தேடினால், அலமாரியில் உள்ள நூல்களுட் பல பட்டியலில் தோன்றவில்லை. காரணத்தை ஆராய்ந்தேன். கணினி எழுத்தை வடிவால் அறிவதன்று, எண்ணால் அறிவது. உலக மொழிகளின் எழுத்துக்களுக்கெல்லாம் எண் வகுக்கும் ஒருங்குறி என்னும் முறையில், ‘ஔ’ என்பதற்கு 2964 என்பது எண். அதனை ஒரே எழுத்தாக இடாமல், ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டால், 2962, 2995 என இரண்டு எண்கள் பதிவாகும். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே; கணினிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். மௌனம், கௌரி முதலியவற்றிலும் இவ்வாறே, ஔகாரக் குறியிருக்க வேண்டிய இடத்தில் கொம்பும் ளகரமும் தனித்தனியே புகுந்திருந்தன.

நோய் தெரிந்தது, மருந்தும் எளிதென்று எண்ணினேன். ஒகரமும் ளகரமும் சேர்ந்து வருமிடமெல்லாம் ஔகாரமாகவும், கொம்பும் ளகரமும் சேர்ந்து வருமிடமெல்லாம் ஔகாரக் குறியாகவும் மாற்றும்படி சில வரிகள் எழுதினேன். ஔவையார், மௌனம், கௌரி என்னும் சொற்களைக் கொண்டு சோதித்தேன், யாவும் செம்மையாயின. அன்று அக்கா வெளியூர் சென்றிருந்தார். பிறர் படித்துப் பார்க்கும் வரை பொறுத்திராமல், சோதனைக்கென வைத்த பட்டியல் தானே என்று, அதன்மேல் என் நிரலை ஓட்டினேன்.

சிறிது நேரத்தில், பட்டியலிற் பதிவு செய்யும் அம்மையார், “தம்பி, ‘தெளிவு’ என்ற சொல் ஏன் இப்படித் தெரிகிறது?” என்று கேட்டார். சென்று பார்த்தேன். கொம்பும் ளகரமும் ஔகாரக் குறியாய் ஒட்டிக்கொள்ள, இகரக் குறி பற்றுக்கோடின்றித் தனியே நின்றது; தாங்குவாரற்ற அதற்குக் கணினி ஒரு புள்ளிவட்டத்தை வரைந்து கொடுத்திருந்தது. ‘ஒளி’ ஒளியிழந்தது, ‘வெள்ளம்’, ‘வெள்ளி’ என்பனவும் சிதைந்தன. தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் ஒருவன், ‘தெளிவு’ என்னும் சொல்லை நினையாமற் போனேனே என்று நாணினேன்.

அதனினும் கொடியது ஒன்றிருந்தது. அம்மையார் அன்று காலை முதல் அப்பட்டியலிலேயே புதிய நூல்களைப் பதிந்து வந்தார் என்பதை யான் அறிந்திலேன். கிட் காப்பது நிரலையே. பட்டியலுக்கு முன்னிரவில் எடுத்த படி ஒன்றே இருந்தது. அதனை மீட்டால் அவருடைய ஒரு பகலுழைப்பு அழியும். ‘கருவியில் ஏதோ கோளாறு’ என்று சொல்லிவிட்டால் என்ன என்று நெஞ்சம் ஒரு கணம் சூழ்ந்தது. அவர் என்மேல் ஐயமின்றி, விடை எதிர்பார்த்து நோக்கிய நோக்கு அதனைத் தடுத்தது. “அம்மா, பிழை என்னுடையது,” என்றேன். அக்காவிற்கும் தொலைபேசியில் நிகழ்ந்தவாறே உரைத்தேன்.

அவர் சினக்கவில்லை. “இனி எதையும் தொடாதே. முதலில் இப்போதுள்ள நிலைக்கு ஒரு படி எடு. பிறகு சொல்: கெட்ட சொல்லையும் நல்ல சொல்லையும் எதைக்கொண்டு பிரித்தறிவாய்?” என்று கேட்டார். அவ்வினாவிற்கு விடை, யான் வகுப்பறையிற் கற்ற இலக்கணத்தில் இருந்தது. ஒரு மெய்யின்மேல் ஓருயிரே ஏறும். உயிரேறிய எழுத்தின்மேற் புள்ளி நில்லாது. ஆகவே, ஔகாரத்தையோ அதன் குறியையோ அடுத்து மற்றோர் உயிர்க்குறியோ புள்ளியோ வருமாயின், அது தமிழில் இயலாத வடிவம். அங்கே இருந்தது ளகரமே எனத் துணியலாம். அவ்விடங்களை மட்டும் பழைய வடிவிற்கு மீட்கும் நிரலை எழுதினேன். இம்முறை வேறொருவர் அதனைப் படித்தார். தனிப்படியில் ஓட்டிப் பார்த்தோம். பின்னரே பட்டியலைத் தொட்டோம். அம்மையாரின் பதிவுகள் அழியாமற் பிழைத்தன.

ஆயினும், குறியேதும் இன்றி ளகரம் அகரத்தோடு நிற்கும் இடங்களை இவ்விதி தீர்மானிக்க மாட்டாது. ஆதலின் ஔகாரம் உள்ள பெயர்கள் அனைத்தையும் தொகுத்து, அம்மையாரும் யானும் இரண்டு பிற்பகல்கள் ஒவ்வொன்றாகப் படித்தோம். பிழையென ஒன்றும் அகப்படவில்லை. எனினும், படித்தாலன்றி அதனை உறுதியாகச் சொல்லுதல் இயலாதே.

1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த சாமிநாதையர், ஏட்டுப் பிரதிகள் பலவற்றை ஒப்புநோக்கியே பாடங்களைத் துணிந்தார் என்பதை நாம் அறிவோம். ஏடெழுதினோர் பிழைக்கும் கணினிப் பிழைக்கும் உள்ள வேற்றுமை விரைவு ஒன்றே. ஏடெழுதுவோன் ஒரு சொல்லைக் கெடுக்கும் நேரத்தில், கணினி ஒரு பட்டியலையே கெடுத்துவிடும். ஆதலின் இரண்டாமவர் படித்துப் பார்த்தல் என்னும் முறை, எழுதியவரை நம்பாமையால் எழுந்ததன்று; தன் பிழை தனக்குப் புலனாகாது என்னும் மனித இயல்பை அறிந்தோர் வகுத்த காவல் அது. அதனைத் தாண்டிச் சென்றதே யான் செய்த பெரும் பிழை. சொல் சிதைந்தது அதன் விளைவு.

நண்பர் கேட்ட வினாவிற்கு இப்போது விடை கூறலாம். நன்னூலைக் கொண்டு நிரல் எழுத இயலாது. ஆனால் தமிழுக்கு நிரல் எழுதுவோன் எழுத்திலக்கணத்தை மறந்தால், என்போல் ஒளியைக் கெடுப்பான். இத்தகைய பயிற்சிக்குச் செல்லும் இளைஞர்க்கு யான் கூறத்தக்கன மூன்று: அறியாததை அன்றே கேளுங்கள், எழுதியதைப் பிறர்க்குக் காட்டுங்கள், பிழைத்தால், பிறர் கண்டு சொல்லுமுன் நீங்களே சொல்லுங்கள். இறுதி நாளில் அவ்வம்மையார் ஔவையார் பெயரை இட்டுத் தேடிக் காட்டினார். நூல்கள் வரிசையாய்த் தோன்றின. “இப்போது ‘ஒளி’யையும் தேடுங்கள், அம்மா,” என்றேன். அதுவும் குறைவின்றித் தோன்றிற்று.