வெளியூரில் உரிமையாளர், உள்ளூரில் குடித்தனம்

பிழைப்புக்காகச் சிங்கப்பூரிலோ துபாயிலோ பெங்களூரிலோ தங்கிவிட்டு, சென்னையிலோ திருச்சியிலோ உள்ள சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுத் தொலைபேசி வழியாகவே நிர்வகிக்கும் உரிமையாளர்களிடம், குடியிருப்பவர் பன்னிரண்டு ஆண்டு தொடர்ந்து இருந்துவிட்டால் வீடு அவருக்கே பாத்தியமாகிவிடும் என்ற அச்சம் வேரூன்றியுள்ளது. 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டத்தில் அத்தகைய 12 ஆண்டுக் கெடு இருப்பது உண்மையே. ஆயினும் அது எதிரிடை அனுபோகத்துக்கு, அதாவது உரிமையாளரின் இசைவின்றி, அவருடைய உரிமையை மறுத்து, வெளிப்படையாக நடத்தப்படும் அனுபவத்துக்கு மட்டுமே பொருந்தும். வாடகைதாரர் இசைவு பெற்று உள்ளே வந்தவர் என்பதாலும், வாடகை உறவு நீடிக்கும்வரை உரிமையாளரின் உரிமையை அவர் மறுக்கச் சாட்சியச் சட்டம் இடந்தருவதில்லை என்பதாலும், ஆண்டுகள் கடந்துபோவது ஒன்றே அவரைச் சொந்தக்காரராக்கிவிடாது. அவர் வாடகைதாரர்தாம் என்பதைக் காட்டத் துண்டுச் சீட்டுக்கூட இல்லாத நிலைதான் ஆபத்தானது. வாய்ப்பேச்சில் விடப்பட்டு, கைக்காசாக வாடகை வாங்கப்பட்ட வீடுகளில், கடல் கடந்து இருப்பவர் தம் வாதத்தை மெய்ப்பிக்கப் படும் பாடு சிறிதன்று.

இக்குறையைக் களையும் நோக்கில், 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டுத் தமிழ்நாடு அரசு 2017இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. குடித்தனத்துக்கு எழுத்து வடிவ ஒப்பந்தம் கட்டாயம் என்றும், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலரான வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவு செய்து பதிவெண் பெற வேண்டும் என்றும் அது விதிக்கிறது. பதினொரு மாத ஒப்பந்தமானால் எந்தப் பதிவும் வேண்டியதில்லை என்று தரகர்கள் சொல்வது பாதி உண்மைதான். ஓராண்டுக்கு மேற்படாத குத்தகைக்குச் சார்பதிவாளர் அலுவலகப் பதிவு கட்டாயமில்லை என்பதற்காக, வாடகை அதிகாரியிடம் செய்ய வேண்டிய தனிப்பதிவு விலகிவிடுவதில்லை. இணையவழியிலேயே விண்ணப்பிக்க முடியும் என்பதால், ஊரில் இல்லாததை இதற்குச் சாக்காகக் கூறவும் இயலாது.

தொலைவிலிருந்து விடப்படும் வீடுகளில் நேரும் பெருந்தீங்குகள், குடியிருப்பவரைக் காட்டிலும் இடையில் நிற்பவரால் விளைபவையே. சென்னை போன்ற நகரங்களில் மீண்டும் மீண்டும் காணப்படும் ஒரு மோசடி இதற்குச் சான்றாகும். இடைநபர் ஒருவர் உரிமையாளரிடம் வீட்டை மாத வாடகைக்கு எடுத்துக்கொண்டு, முதல் சில மாதங்கள் தவறாமல் பணம் அனுப்பி நம்பிக்கையைப் பெறுகிறார். அதே வீட்டை வேறொரு குடும்பத்துக்கு ‘லீசு’க்கு, அதாவது மாத வாடகையின்றிப் பல லட்சம் ரூபாயை மொத்தமாக வாங்கிக்கொண்டு காலமுடிவில் திருப்பித் தரும் ஏற்பாட்டில், தாமே உரிமையாளர் போலவோ உரிமையாளரின் ஆள் போலவோ கையெழுத்திட்டு விடுகிறார். வாடகை நின்று, பதற்றத்துடன் விமானமேறி வரும் உரிமையாளர் கதவைத் தட்டும்போது, சேமிப்பு முழுவதையும் கொடுத்துவிட்டு உள்ளே குடியிருக்கும், தம் மீது எந்தத் தவறும் இல்லாத ஒரு குடும்பம் கதவைத் திறக்கிறது. ஏமாற்றப்பட்ட இருவரும் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டிக் காவல் நிலையத்தில் நிற்க, ஏமாற்றியவர் அங்கே இருப்பதில்லை. உரிமையாளர் தம் பெயரிலேயே, குடியிருக்கப்போகும் ஆளுடனேயே ஒப்பந்தம் செய்து, முன்பணத்தையும் வாடகையையும் தம் வங்கிக் கணக்கிலேயே பெறுவாரானால் இம்மோசடிக்கு இடமிருக்காது. குடிவருபவரும் பத்திரம், சொத்து வரி ரசீது, வில்லங்கச் சான்று ஆகியவற்றைக் கேட்டுப் பார்த்து, உரிமையாளரிடம் நேரில் அல்லது காணொளி அழைப்பில் பேசிய பின்னரே பணம் கொடுப்பது முறை.

உள்ளூரில் உதவிக்கு ஆள் தேவைப்படின் சட்டம் அதற்கும் வழி வைத்துள்ளது. அத்தகையவரைச் சொத்து மேலாளர் என வகைப்படுத்தி, அவர் பெயர், உரிமையாளர் அவருக்கு அதிகாரம் அளித்ததற்கான சான்று, எந்தெந்தக் காரியங்களுக்கு, எவ்வளவு காலத்துக்கு என்ற விவரங்களை வாடகைதாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. சொந்தத் தம்பிதானே, மைத்துனர்தானே என்று பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பது நம் குடும்பங்களில் எளிதாக நடந்துவிடுகிறது. விற்கவும் அடமானம் வைக்கவும் சேர்த்து அதிகாரம் தரும் அப்பத்திரத்தைக் காட்டிலும், வாடகை வசூல், பழுதுபார்ப்பு, வழக்கு என வரம்பு கட்டிய தனி அதிகாரப் பத்திரமே, உறவைக் காக்கவும்கூட, ஏற்றது. வெளிநாட்டில் எழுதப்பட்டதாயின், இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் அதற்குரிய முத்திரைத் தீர்வையைச் செலுத்தியாக வேண்டும். ஆண்டுக்கு இருமுறையேனும் பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றை எடுத்துப் பார்ப்பவருக்கு, தம் பெயரிலுள்ள சொத்தில் அந்நியர் எழுதிய பத்திரம் பதிவாகியிருந்தால் காலந்தாழ்த்தாமல் தெரிந்துவிடும்.

தொலைவு உரிமையாளரின் கடமைகளைக் குறைப்பதில்லை. குளியலறைச் சுவருக்குள் குழாய் வெடித்துக் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் பரவினால், அதைச் சரிசெய்வது உரிமையாளர் பொறுப்பு. சுவிட்சும் குழாய் வாஷரும் பழுதானால் அது குடியிருப்பவர் செலவு. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் குறிப்பிடாதவரை சட்டத்தின் அட்டவணை இவ்வாறே பிரிக்கிறது. ஆகவே நம்பகமான குழாய்ப் பணியாளர், மின்பணியாளர் ஆகியோரின் எண்களை முன்கூட்டியே கொடுத்துவைப்பது, நள்ளிரவு அழைப்புகளைக் குறைக்கும். ஊருக்கு வரும்போது வீட்டைப் பார்க்க விரும்பினால் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வாடகை பாக்கி என்பதற்காகப் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிப் பியூசைப் பிடுங்கச் செய்வதும், தண்ணீர் மோட்டாரை நிறுத்துவதும் சட்டவிரோதம். இரண்டு மாத வாடகை நிலுவையில் நின்று, அறிவிப்பு கொடுத்த பின்னும் செலுத்தப்படாவிட்டால், வெளியேற்ற உத்தரவு கோரி வாடகை நீதிமன்றத்தை அணுகலாம்.

வரி விஷயத்தில் பலரும் அறியாத ஒன்று உண்டு. உரிமையாளர் வெளிநாடு வாழ் இந்தியராயின், வாடகை எவ்வளவு சிறிதாயினும், பொதுவாக 31.2 விழுக்காட்டை வருமான வரியாகப் பிடித்துச் செலுத்தும் கடமை வாடகைதாரருடையது. பிடிக்கத் தவறினால் வரித்துறை கேள்வி கேட்பது அவரைத்தான். தம் வெளிநாட்டு நிலையைச் சொல்லாமல் மறைக்கும் உரிமையாளர், அப்பாவி ஒருவரைச் சிக்கலில் மாட்டிவிடுகிறார். குறைந்த விகிதத்தில் பிடித்தம் செய்வதற்கான சான்றிதழை வரித்துறையிடம் முன்கூட்டியே விண்ணப்பித்துப் பெற வழியிருக்கும்போது இந்த மறைப்புக்குத் தேவையும் இல்லை.

முன்பணம், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலன்றி, மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய கழிவுகள் போக, அதைத் திருப்பித் தர வேண்டும். அக்கழிவு பற்றிய தகராறுகள் பெரும்பாலும் குடிவந்த நாளில் செய்யாமல் விட்ட வேலையிலிருந்தே தொடங்குகின்றன. மின்விசிறி எத்தனை, எந்தச் சுவரில் ஏற்கெனவே விரிசல், மின்மீட்டர் காட்டிய அளவு என்ன என்பவற்றைத் தேதியிட்ட படங்களோடு பட்டியலாக்கி இருதரப்பும் கையெழுத்திட்டிருந்தால், காலி செய்யும் நாளில் சாவியை வாங்க வருபவர் யாராக இருந்தாலும் அந்தத் தாளை வைத்துக்கொண்டே கணக்கை முடித்துவிட முடியும்.