பழைய ரேசிங் சைக்கிளின் வயதை அறிவது எப்படி?

எங்கள் கோல்டிங் மேடும் பள்ளமுமான நகரம். கியர் இல்லாத சைக்கிளை ஏற்றத்தில் உருட்டிக்கொண்டுதான் போகவேண்டும். ஆகையால் புதிதாக வந்த எம்மவர் பலர் பழைய பொருட் சந்தைகளில் ரேசிங் சைக்கிள் தேடுகிறார்கள். விற்பவர் "பத்து வருடம்தான்" என்பார். அவர் சொல்வதை மட்டும் நம்பாமல் சைக்கிளையே பாருங்கள்.

முதலில் பார்க்கவேண்டியது 'ஸ்டெல்நொம்மர்' எனப்படும் பிரேம் இலக்கம். 1940களிலிருந்து டென்மார்க்கில் இது சட்டப்படி கட்டாயம். பெரும்பாலும் சீற்றைத் தாங்கும் குழாயில் வெட்டப்பட்டிருக்கும். தயாரிப்பாளரின் குறியீடு, தொடர் இலக்கம், கடைசியில் ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்து என அது அமையும். ஒரே எழுத்து சில பத்தாண்டுகளுக்குப்பின் திரும்பவும் வரும். ஆதலால் பாகங்களையும் பார்க்கவேண்டும்.

ஊரில் றலி சைக்கிள் ஓடியவர்களுக்கு ஸ்டேர்மி ஆர்ச்சர் கியர் ஹப் ஞாபகமிருக்கும். அதன் மேல் ஆண்டும் மாதமும் குத்தியிருக்கும். ரேசிங் சைக்கிள்களில் அதிகம் காண்பது சிமானோ. பாகத்தின் பின்புறத்தில் இரண்டு எழுத்துக்களைத் தேடுங்கள். முதலெழுத்து ஆண்டு: ஏ என்றால் 1976, பி என்றால் 1977. 2002இல் மீண்டும் ஏ வந்தது. இரண்டாம் எழுத்து மாதம்: ஏ ஜனவரி, எல் டிசம்பர். 'பிஎவ்' என்றிருந்தால் 1977 ஜூன். கம்பக்னோலோவின் பழைய பின் கியர்கள் சிலவற்றில் 'பேட்டன்ட்' என்ற சொல்லுடன் ஆண்டின் கடைசி இரு இலக்கங்கள் இருக்கும்.

பாகங்களை மாற்றியிருக்கலாம். இரண்டு மூன்று பாகங்கள் ஒரே காலத்தைக் காட்டினால் நம்பலாம். தோற்றமும் உதவும். பிரேக் பிடியிலேயே கியர் மாற்றும் முறையைச் சிமானோ 1990இல் கொண்டுவந்தது. அதற்கு முந்திய ரேசிங் சைக்கிள்களில் கியர் நெம்புகோல் பெரும்பாலும் பிரேமின் சாய்ந்த குழாயில் இருக்கும்.

வயது தெரிந்தால் விலை பேசலாம். உதிரிப்பாகம் பொருந்துமா என்றும் அறியலாம். 1970களின் பின் கவர் அகலம் பெரும்பாலும் 120 அல்லது 126 மில்லிமீற்றர். பின்னர் வந்த 130 மில்லிமீற்றர் சில்லு அதில் இலகுவில் இறங்காது.

இவற்றிலும் முக்கியமான காரியம் ஒன்றுண்டு. இலக்கம் அராவப்பட்டிருந்தாலோ, ஆண்டு எழுத்து விற்பவரின் கதையுடன் ஒத்துவராவிட்டாலோ விலகிவிடுங்கள். களவுப் பொருளென அறிந்து வாங்குவது இங்கே குற்றம். அறியாமல் வாங்கினாலும் சைக்கிள் உரியவரிடம் போய்விடும், கொடுத்த காசும் போய்விடும். வதிவிட அனுமதியை எண்ணி நாட்களைக் கழிக்கும் குடும்பத்துக்குப் பொலிஸ் விசாரணை எவ்வளவு பாரம் என்று சொல்லத் தேவையில்லை. களவுபோனதாக முறையிடப்பட்ட சைக்கிளா என்பதை டெனிஸ் பொலிசாரின் இணையத்தளத்தில் இலக்கத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். காசு கொடுக்குமுன் இதைச் செய்யுங்கள்.

வாங்கியதும் விற்றவரின் பெயர், விலாசம், திகதி, பிரேம் இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டு ஒன்றைப் பெற்று வீட்டில் பத்திரப்படுத்துங்கள். நாளை உங்கள் சைக்கிள் களவுபோனால் பொலிசாரும் காப்புறுதிக்காரரும் முதலில் கேட்பது அந்த இலக்கத்தைத்தான்.