நோய்க்கால ஊதியம்: கேட்டுப் பெற வேண்டிய உரிமை

நீண்டகால நோய் வந்த வீட்டில் மருந்துச் செலவு ஒரு சுமை. நின்றுபோன ஊதியம் அதனினும் பெருஞ்சுமை. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரிப் பகுதிகளிலிருந்து மறைமலைநகர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் தொழிலாளர் பலருக்கும், அந்த ஊதியத்தில் பெரும்பகுதியை நோய்க்காலத்திலும் பெற வழியுண்டு என்பது தெரிவதில்லை.

மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மிகாதவர்களுக்கு உரியது இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீடு. ஊதியச் சீட்டில் 0.75 விழுக்காடு பிடிக்கப்பட்டிருந்தால் நீங்கள் அதன் உறுப்பினர். இதனைச் சிகிச்சைக்கான அட்டையாக மட்டுமே பலர் கருதுகின்றனர். ஆனால், உரிய ஆறு மாத சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாள்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருந்தால், ஆண்டுக்கு 91 நாள்கள் வரை சராசரி நாள் ஊதியத்தில் 70 விழுக்காடு நோய்க்கால உதவியாகக் கிடைக்கும்.

புற்றுநோய், காசநோய், நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, பக்கவாதம் உள்ளிட்ட 34 நோய்களுக்கு இவ்வுதவி நீட்டிக்கப்படுகிறது. அப்போது 80 விழுக்காடு வீதம் இரண்டு ஆண்டுகள் வரை பெறலாம். இதற்கு இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து காப்பீட்டுக்குரிய பணியில் இருந்திருப்பதும், அக்காலத்தில் 156 நாள்களுக்குச் சந்தா செலுத்தப்பட்டிருப்பதும் தேவை. நாள் ஊதியம் 600 ரூபாய் எனக் கணக்கிடப்பட்டால் முதலில் நாளொன்றுக்கு 420 ரூபாயும், நீட்டிப்பில் 480 ரூபாயும் கிடைக்கும்.

இங்கேதான் பலர் தவறவிடுகின்றனர். இத்தொகை தானாக வந்து சேராது, இ.எஸ்.ஐ. மருத்துவர் வழங்கும் சான்றிதழே அதற்கு ஆதாரம். தனியார் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், மருந்தகத்துக்குத் தெரிவிக்காமலேயே மாதங்களைக் கடத்திவிடுவதுண்டு. நோயாளியால் நடமாட இயலாவிடில், குடும்பத்தினர் மருத்துவ ஆவணங்களுடன் உங்களுக்குரிய இ.எஸ்.ஐ. மருந்தகத்தை உடனே அணுகுங்கள். சான்றிதழ்களுக்கு இடையே நாள் இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் நகலையும் பாதுகாத்து வையுங்கள்.

காப்பீடு இல்லாத கட்டடத் தொழிலாளருக்கும் வீட்டுவேலை செய்வோருக்கும் இத்தகைய ஊதிய ஈடு இல்லை. எனினும், தசைச்சிதைவு, பார்க்கின்சன், தண்டுவட மரப்பு நோய் போன்றவற்றால் பாதிக்கப்பட்டோருக்குத் தமிழக அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. இதற்கு மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை வேண்டும். செங்கல்பட்டிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். காசநோயாளிகளுக்கு, சிகிச்சைக் காலம் முழுவதும் ஊட்டச்சத்துக்கென மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. 2024 நவம்பருக்கு முன் இது 500 ரூபாயாக இருந்தது.

நோயாளி படுக்கையில் இருக்கும்போது பணத்தைப் பற்றிப் பேசுவதற்குக் குடும்பத்தினர் தயங்குவது இயல்பே. ஆனால் இது எவரிடமும் கைநீட்டிப் பெறும் உதவி அன்று. உழைத்த நாள்களில் நீங்களே செலுத்திய சந்தாவின் பயன். அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது, மருந்துச் சீட்டுடன் சான்றிதழையும் கேட்டுப் பெறுங்கள்.