அர்ஜன் சிங் எந்தப் பக்கம்?

செப்டம்பர் 16 நமக்கு மலேசிய தினம். 2017ஆம் ஆண்டு அதே நாளில், தமது 98ஆம் வயதில் புதுடில்லியில் காலமானார் அர்ஜன் சிங். இந்திய விமானப்படையில் ஐந்து நட்சத்திர மார்ஷல் பதவியைப் பெற்ற ஒரே அதிகாரி அவர். இளையோர் அறிய வேண்டிய வாழ்க்கை. ஆனால் கெடா தோட்டங்களில் வேர்விட்ட நமக்கு அதில் ஒரு முள்ளும் இருக்கிறது.

1919 ஏப்ரல் 15ஆம் தேதி லயால்பூரில் பிறந்தார். இன்று அந்த ஊர் பாகிஸ்தானில், பைசலாபாத் என்ற பெயரில் உள்ளது. 1938இல், 19 வயதில், இங்கிலாந்தின் கிரான்வெல் விமானப்படைக் கல்லூரிக்குத் தேர்வானார். இரண்டாம் உலகப் போரின்போது முதலாம் ஸ்குவாட்ரனின் தலைவரானார். 1944இல் ஜப்பானியப் படை பர்மா எல்லையைக் கடந்து இம்பாலைச் சூழ்ந்தது. மலைகளுக்கிடையே ஹரிக்கேன் விமானங்களில் தாழப் பறந்து வேவு பார்ப்பதும் தாக்குவதும் இவருடைய அணியின் வேலை. போர்முனைக்கே வந்து இவருக்கு டி.எஃப்.சி. வீரப் பதக்கம் அணிவித்தார் மவுண்ட்பேட்டன். அப்போது அர்ஜன் சிங்கிற்கு வயது 25.

அதே இம்பால் முனையில் ஜப்பானியரோடு சேர்ந்து வந்தது நேதாஜியின் இந்திய தேசிய இராணுவம். 1943இல் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தபின், மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ் இளைஞர்கள் பால்வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சேர்ந்த படை அது. கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி தேவர் போன்ற பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினார்கள். பெண்டாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவிய என் தாத்தாவும் அந்தப் படையில் சேர்ந்து, ரங்கூன் வரை போய், காய்ச்சலோடு திரும்பியவர்.

மாலை வகுப்பில் அர்ஜன் சிங்கைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, படிவம் நான்கு மாணவன் ஒருவன் எழுந்தான். "சார், நம்ம தாத்தாங்களுக்கு எதிரா சண்டை போட்டவரு. அவரை ஏன் சார் நாம பாராட்டணும்?" என்றான்.

நியாயமான கேள்வி. அடுத்து நடந்தவற்றைத் தேதி வாரியாகக் கரும்பலகையில் எழுதினேன்.

1945 நவம்பரில் டில்லி செங்கோட்டையில் இந்திய தேசிய இராணுவ அதிகாரிகள் மீது வழக்கு விசாரணை தொடங்கியது. ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டும், நாடெங்கும் மக்கள் கொந்தளித்ததால் 1946 ஜனவரியில் அது கைவிடப்பட்டது. 1947 ஆகஸ்டு 15 அன்று அதே செங்கோட்டைக்கு மேலே நூற்றுக்கும் அதிகமான விமானங்கள் அணிவகுத்துப் பறந்தன. தலைமை தாங்கியவர் அர்ஜன் சிங். இம்பாலில் எதிரெதிரே நின்றவர்கள் மூன்றே ஆண்டுகளில் ஒரே சுதந்திர நாட்டின் குடிமக்கள் ஆனார்கள்.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். 1964இல், 45 வயதில், அவர் இந்திய விமானப்படைத் தளபதியானார். மறு ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி பாகிஸ்தான் டாங்கிகள் சாம்ப் பகுதியில் முன்னேறின. விமானப்படை எவ்வளவு நேரத்தில் களமிறங்கும் என்று பாதுகாப்பு அமைச்சர் சவான் கேட்க, ஒரு மணி நேரத்தில் என்று பதில் சொன்னார் அர்ஜன் சிங். சொன்னபடி அன்று மாலையே விமானங்கள் புறப்பட்டன. பழைய வாம்பயர் விமானங்கள் நான்கு சுட்டு வீழ்த்தப்பட்டன. எதிரணியின் விமானப்படைத் தளபதி நூர் கான், பிரிவினைக்கு முன் இதே இந்திய விமானப்படையில் இருந்தவர். அர்ஜன் சிங் போரிட்டது தாம் பிறந்த ஊர் சேர்ந்துவிட்ட நாட்டோடு.

பக்கங்களைக் காலம் மாற்றிப் போடுகிறது. அந்தந்த நேரத்தில் ஏற்ற பொறுப்பை ஒருவர் எப்படி நிறைவேற்றினார் என்பதே அவரை எடைபோடும் தராசு. அந்தத் தராசில் என் தாத்தாவும் குறைந்தவரல்லர். அர்ஜன் சிங்கும் குறைந்தவரல்லர். ஒருவரை மதிக்க இன்னொருவரைத் தாழ்த்த வேண்டியதில்லை. மாணவனிடமும் இதைத்தான் சொன்னேன்.

இன்னொரு காட்சியையும் சொன்னேன். 2015 ஜூலையில் அப்துல் கலாமின் உடல் டில்லி பாலம் விமான நிலையத்திற்குக் கொண்டுவரப்பட்டபோது, 96 வயது அர்ஜன் சிங் சக்கர நாற்காலியில் வந்தார். அருகில் போனதும் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். இளமையில் விமானப்படைத் தேர்வில் எட்டு இடங்களுக்கு ஒன்பதாவதாக வந்து வாய்ப்பை இழந்தவர் கலாம். அவருக்கு விமானப்படை மார்ஷலே எழுந்து நின்று மரியாதை செய்தார்.

இளையோரே, பெண்டாங்கிலிருந்து அதிக தூரமில்லாத அலோர் ஸ்டார், கெப்பாலா பத்தாஸில் நம் நாட்டு விமானப்படைக் கல்லூரி இருக்கிறது. விமானியாகும் ஆசை இருந்தால் கணிதம், இயற்பியல், ஆங்கிலம் மூன்றையும் இப்போதே கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், போர்க்காலத்தில் நம் குடும்பம் என்ன பட்டது என்று கேட்டு எழுதி வையுங்கள். அந்தக் கதைகள் இன்னும் பல வீடுகளில் ஏட்டில் ஏறவில்லை.