மூன்று போதுமா, பன்னிரண்டு வேண்டுமா?

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பெயரை வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் கேள்விப்பட்டிருப்பீர்கள். விடுமுறை நாளில் நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பல முகங்கள் கொண்ட பகடைகளை உருட்டி, மணிக்கணக்கில் கதை பேசிக்கொண்டிருப்பார்களே, அதுதான். ஒருவர் கதையை நடத்துபவர், நடுவரும் அவரே. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். “கதவைத் திறக்கிறேன்”, “விளக்கை அணைக்கிறேன்” என்று அவர்கள் சொல்லச் சொல்லக் கதை நகரும். முடிவு சந்தேகமாக உள்ள இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும்.

ஆட்டத்தில் சேருபவரிடம் கேட்கப்படும் முதல் கேள்விகளில் ஒன்று, “நீ என்ன கிளாஸ்?” என்பது. கிளாஸ் என்றால் பாத்திர வகை. போர்வீரனா, மந்திரவாதியா, மதகுருவா, திருடனா என்பதைப் பொறுத்தே அந்தப் பாத்திரத்தின் பலமும் பலவீனமும் அமையும். இந்த வகைகள் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டன என்று பழைய ஆட்டக்காரர்கள் குறைப்படுவதுண்டு. எங்கள் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த ஆட்டத்தை நடத்துபவன் என்ற முறையில் இதைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 1974இல் இந்த ஆட்டத்தை வெளியிட்டபோது இருந்தவை மூன்றே வகைகள்: போர்வீரன், மந்திரவாதி, மதகுரு. அடுத்த ஆண்டே துணைநூல்கள் வரத் தொடங்கின. திருடன், பாலடின் என்னும் அறவீரன், துறவி, ரகசியக் கொலையாளி எல்லாம் 1975இல் வந்தவர்கள். ட்ரூயிட் என்னும் வனத்துப் பூசாரி 1976இல் வந்தார். 1978இல் வந்த நூலில் பத்து வகைகள் இருந்தன. பதினொன்றாவதாகப் பாணன் பிற்சேர்க்கையில் இடம்பெற்றான். அன்று பாணனாவது எளிதல்ல. முதலில் போர்வீரனாக இருந்து, பிறகு திருடனாகி, அதன் பின்னரே ட்ரூயிட்களிடம் பாடம் கேட்டுப் பாணனாக முடியும்!

2000இல் வந்த மூன்றாம் பதிப்பிலும் வகைகள் பதினொன்றுதான். 2008இல் முதல் நூல் எட்டோடு நின்றது. 2014இல் பன்னிரண்டு, 2024ஆம் ஆண்டு நூலிலும் அதே பன்னிரண்டு. ஆக, 1978க்குப் பிறகு மூலநூலில் வகைகள் பெருகவே இல்லை என்று சொல்லலாம். அப்படியானால் குறைப்படுபவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. பெருக்கம் வேறிடத்தில் நடந்திருக்கிறது. 2024ஆம் ஆண்டு நூலில் ஒவ்வொரு வகைக்கும் நான்கு உட்பிரிவுகள், மொத்தம் 48. ஒரே பாத்திரம் இரண்டு வகைகளைக் கலந்துகொள்ளவும் விதி இடம் தருகிறது. பன்னிரண்டில் இரண்டிரண்டாகச் சேர்த்தால் 66 ஜோடிகள் வரும்.

இதனால் என்ன நஷ்டம்? திருடனை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். திருடன் வருவதற்கு முன், சுவரேற வேண்டுமென்றால் எந்தப் பாத்திரமும் ஏறிப் பார்க்கலாம். எப்படி ஏறுகிறோம் என்று ஆட்டக்காரர் விவரிப்பார்; நடுவர் தீர்மானிப்பார். திருடன் வந்தபோது சுவரேறுவது, சத்தமின்றி நடப்பது, பூட்டைத் திறப்பது, பொறியைச் செயலிழக்கச் செய்வது எல்லாம் நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கோடு அவனுடைய தனித் திறமைகளாகப் பட்டியலில் ஏறின. மற்றவர்களால் முடியாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஆனால் மேஜையில் இருந்தவர்கள் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். “அது திருடன் வேலை” என்று கையைக் கட்டிக்கொண்டார்கள். புதிய வகை ஒன்று வரும்போது ஒருவனுக்குக் கிடைப்பதை எல்லோரும் பார்க்கிறோம். மற்றவர்களிடமிருந்து போவதை யாரும் எழுதி வைப்பதில்லை.

அப்படியானால் வகைகளே வேண்டாமே என்று கேட்கலாம். அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1978இல் வந்த ‘ரூன்க்வெஸ்ட்’ ஆட்டத்தில் இத்தகைய வகைப் பிரிவு கிடையாது. யாரும் எதையும் கற்கலாம். பயன்படுத்திய திறமையே வளரும். 1986இல் வந்த ‘கர்ப்ஸ்’ ஆட்டத்தில் குறிப்பிட்ட அளவு புள்ளிகளைத் தந்து, வேண்டிய திறமைகளை வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். தேர்ந்தவர்களுக்கு இது பெரிய சுதந்திரம். ஆனால் முதல்நாள் வருபவருக்கு வெற்றுத் தாளை நீட்டி “எதை வேண்டுமானாலும் எழுது” என்றால் பேனா ஓடாது. “நீ ஒரு போர்வீரன்” என்ற மூன்று சொற்களில் வாள், கவசம், துணிவு எல்லாம் மனக்கண்ணில் வந்துவிடுகின்றன. வகைகளின் உண்மையான பயன் இதுதான்.

ஆகவே எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஒவ்வொரு வகையையும் ஒரு கேள்வி கேட்டு உரசிப் பார்ப்பது நல்லது. ‘இந்தப் பாத்திரத்தை ஆடுபவர் மற்றவர் எடுக்காத ஒரு முடிவை எடுக்கிறாரா?’ என்பதே அந்தக் கேள்வி. விசார்ட், சார்சரர், வார்லாக் என்று மூவர் இருக்கிறார்கள். தமிழில் சொன்னால் மூவரும் மந்திரவாதிகளே. ஒருவர் ஏடு படித்து மந்திரம் கற்றவர். ஒருவருக்கு அது பிறவியில் வந்தது. ஒருவர் ஏதோ ஒரு சக்தியுடன் ஒப்பந்தம் செய்து பெற்றவர். கதை மட்டும்தான் வேறா, ஆட்டமும் வேறா? வார்லாக்கிடம் மந்திரங்கள் மிகக் குறைவு, ஆனால் சிறிது ஓய்வெடுத்தாலே அவை திரும்ப வந்துவிடும். ஆகவே அவரை ஆடுபவர் எப்போது ஓய்வெடுப்பது என்பதையே வேறுவிதமாக யோசிக்க வேண்டும். அவருக்குத் தனி இடம் நியாயமே. சார்சரர் 2000ஆம் ஆண்டு நூலில் விசார்டின் மந்திரப் பட்டியலையே பகிர்ந்துகொண்டவர். அவரை விசார்டின் கிளையாக வைத்தாலும் குடி முழுகிப்போகாது என்பது என் கட்சி.

இப்படி நடந்த முன்னுதாரணமும் உண்டு. 1978இல் தனி வகையாக இருந்த மாயத்தோற்றக்காரர், 2014ஆம் ஆண்டு நூலில் விசார்டின் உட்பிரிவு. அன்று தனி வகையாக இருந்த ரகசியக் கொலையாளி, இன்று திருடன் வழிவந்த ‘ரோக்’ வகைக்குள் ஒரு கிளை. நம் சங்கீதத்தில் 72 மேளகர்த்தாக்களும் அவற்றிலிருந்து பிறந்த எண்ணற்ற ஜன்ய ராகங்களும் இருப்பதைப் போன்றது இது. ஜன்யங்கள் பெருகுவதால் யாரும் மிரள்வதில்லை. பாடம் மாயாமாளவகௌளையில்தானே தொடங்குகிறது!

சிக்கல் அந்தத் தொடக்கத்தில்தான். சென்ற ஆண்டு எங்கள் மேஜைக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி புதிதாக வந்தாள். பழகிய பிள்ளை ஒருவன் பன்னிரண்டு வகைகளையும் கிளைகளோடு விளக்கத் தொடங்கினான். அரை மணி நேரத்தில் அவள் முகம் வாடிவிட்டது. “உங்களுக்கு எது குறைகிறதோ அதையே கொடுங்கள்” என்றாள். அது தேர்வல்ல, சரணாகதி. அப்படித் தொடங்குபவர் அடுத்த வாரம் வருவது நிச்சயமில்லை. புதியவர்கள் வராத மேஜை நாலைந்து ஆண்டுகளில் கலைந்துவிடும்.

அன்றிலிருந்து எங்கள் மேஜையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். புதிதாக வருபவரிடம் நூலைக் கொடுப்பதில்லை. போர்வீரன், மந்திரவாதி, மதகுரு, திருடன் ஆகிய நால்வரை மட்டும் ஆளுக்கொரு வாக்கியத்தில் சொல்கிறோம். மூன்று ஆட்டங்கள் முடிந்த பிறகு, “வேறு வகைக்கு மாற விருப்பமா?” என்று கேட்கிறோம். அதற்குள் தனக்கு என்ன பிடிக்கிறது என்பது அவருக்கே தெரிந்திருக்கும். அந்த மாணவி மதகுருவாகத் தொடங்கினாள்; இப்போது பாணன். இன்னொரு பழக்கமும் உண்டு. சுவரேற விரும்பும் மந்திரவாதியிடம் “அது உன் வேலையில்லை” என்று யாரும் சொல்லக்கூடாது. “எப்படி ஏறுகிறாய்?” என்றுதான் கேட்க வேண்டும்.

என் முடிவு இது: நூலுக்குப் பன்னிரண்டு அதிகமல்ல, முதல்நாள் மேஜைக்கு அது அதிகம். நூலை அச்சிடுபவர்கள் எண்ணிக்கையைக் குறைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எத்தனை கதவுகளை என்றைக்குத் திறப்பது என்பது நடத்துபவர் கையில் இருக்கிறது.