இறக்கத்தில் இன்ஜினை ஆஃப் பண்ணாதீங்க! கொல்லிமலை போகும் பைக் பார்ட்டிகள் உஷார்

ஒலக்கூர்: சேர்ந்தாற்போல 3 நாள் லீவு வந்தால் போதும். ஒலக்கூர் வழியாக சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் பைக் கூட்டம் பறக்கும். பின்சீட்டில் கூடாரம், பாய், சட்டி, பானை. உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர், ராசிபுரம் தாண்டி நாமக்கல் மாவட்டம் காரவள்ளி வந்தால் கொல்லிமலை அடிவாரம். அங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள்!

ஏறும்போது பெரிய வம்பு இல்லை. வினையே இறங்கும்போதுதான். 'இறக்கம்தானே, பெட்ரோல் மிச்சம்' என்று சிலர் இன்ஜினை ஆஃப் செய்து நியூட்ரலில் விடுகிறார்கள். அப்போது வண்டியின் மொத்த பாரமும் பிரேக் தலையில்தான். வளைவுக்கு வளைவு அழுத்த அழுத்த பிரேக் சூடேறும். டிரம் பிரேக் என்றால் கட்டை காய்ந்து பிடிக்காது. டிஸ்க் பிரேக்கில் ஆயில் கொதித்தால் லிவர் கைக்கு சப்பென்று வந்துவிடும். பின்னால் ஆளும் மூட்டையும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஏறும்போது போட்ட அதே கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். தீய்ந்த வாடை வந்தால் ஓரம் கட்டி ஆறவிட வேண்டும். குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர்தான் வழிவிட வேண்டும். இது சாலை விதி.

ராத்திரி தங்கலுக்கும் கட்டுப்பாடு உண்டு. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டில் கூடாரம் போட்டு அடுப்பு மூட்டினால் வனத்துறை வழக்கு பாயும். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் பலியானார்கள்.

ஆடி 18-ஐ ஒட்டி வல்வில் ஓரி விழாவுக்கு மலையில் கூட்டம் அலைமோதும். புதுசா ஏறுபவர்கள் வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம்.