சிவனொளிபாதமலைக்கு வழி கேட்டல்

குறிஞ்சாக்கேணி என்னும் பெயரிற் குறிஞ்சியின் ஒலி கேட்பினும் அங்கு மலையில்லை. கடலும் களப்பும் வயலுமே உள. இத்தகைய சமநிலத்து மக்களாகிய நாம் மலைநாட்டுக்குப் புறப்படுங்கால், முன்பு சென்று வந்தாரை வினவுவது பெரும்பாலும் ஒன்றே: “எந்த வழி நல்லது?” ஏறுபவர் யார், எம்மாதத்தில் ஏறுகின்றார் என்பவற்றை அறியாது ஒருவர் கூறும் வழி, அவருக்கு நல்ல வழியேயன்றி நமக்கும் நல்லதாதல் ஒருதலையன்று.

2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாதமலையையே எடுத்துக்கொள்வோம். முஸ்லிம் மக்கள் இதனைப் பாவா ஆதம் மலை என்பர். 1344ஆம் ஆண்டில் இங்கு ஏறிய மொரோக்கோ நாட்டுப் பயணி இபுனு பதூதா, ஆதமின் பெயரால் ‘பாபா’ வழி, ஹவ்வாவின் பெயரால் ‘மாமா’ வழி என இரண்டைக் குறித்துள்ளார். (மாமா என்றதும் நம்மவர் தாய்மாமனை நினைத்தல் வேண்டா.) மாமா வழி எளியது, பாபா வழியோ கரடுமுரடானது. மலையிற் பாறையோடு பொருத்திய இரும்புச் சங்கிலிகளைப் பற்றி ஏறவேண்டியிருந்ததையும் அவர் கூறுகின்றார். ஆயினும் எளிய வழியால் ஏறினாரை யாத்திரை செய்தவராகவே அக்காலத்தோர் மதித்திலர். அவ்வழி இறங்குதற்கே உரியதாயிற்று. எளிமை வேறு, நன்மை வேறு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இக்காலத்தில் அற்றன் பக்கத்து நல்லதண்ணி வழியே பெரும்பாலோர் செல்வது. ஏறத்தாழ 5,500 படிகள். தூரம் குறைவு, செங்குத்து அதிகம். முதன்முறை செல்வோர்க்கும் முதியோர்க்கும் இதனையே சொல்வோம். இரத்தினபுரிப் பக்கத்துப் பலாபத்தல வழியும், குருவிட்டைப் பக்கத்து எரத்ன வழியும் தாழ்நிலத்திலே தொடங்குவன, ஆதலின் நெடியன. காட்டினூடே செல்லும் அவ்வழிகளில் மழை பெய்தால் அட்டைக்குக் குறைவில்லை. காட்டையும் அருவியையும் காண விழைவோர்க்கு அவையே சிறந்தன.

அடுத்து, சொல்பவர் எப்போது சென்றார் என்று கேட்டல் வேண்டும். திசம்பர்ப் பௌர்ணமி முதல் வெசாக் பௌர்ணமி வரையே யாத்திரைக்காலம். அப்போது வழியெங்கும் விளக்கும் தேநீர்க்கடையும் உண்டு. அக்காலத்தில் ஏறியவரின் சொல்லை நம்பி, ஆடி மாதத்து மழையிருளில் ஏறத் துணிவது பெரும் பிழை. பௌர்ணமி நாளிற் சென்றவரோ நெரிசலைப் பற்றியே பேசுவார். இடைநாளிற் சென்றவரையும் கேட்டல் நலம்.

எல்லாரும் கேட்க மறப்பது இறக்கத்தையே. ஏறும்போது இளைப்பது மூச்சு. இறங்கும்போது நோவது முழங்கால். ஆகவே, உச்சியில் எத்துணை நேரம் நின்றீர் என்பதை விடுத்து, மறுநாள் வீட்டுப்படியில் எவ்வாறு இறங்கினீர் என்று கேட்டுப் பாருங்கள்.